கிராபிக்ஸ் கார்டுக்கு எண்ணெய் போட்டவன்

எங்கள் தெருவில் இரும்பு நிம்மதியாக இருந்ததே கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் எண்ணூர் போகும் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். உப்புக் காற்று கேட்டின் கீலைத் தின்னும், பீரோ பூட்டைத் தின்னும், ஆசையாய் வாங்கிய சைக்கிளின் செயினை ஒரே மழைக்காலத்தில் தின்று முடிக்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் டப்பாவும் பழைய பிரஷ்ஷுமாக வீட்டைச் சுற்றி வருவேன். ஒரு ஆணியைக்கூட விடமாட்டேன். என் மனைவி அதற்கு அபிஷேகம் என்று பேர் வைத்திருந்தாள்.

இந்த வழக்கம் எனக்குத் தொழிலிலிருந்து வந்தது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் நான். புது போல்ட்டாக இருந்தாலும் கிரீஸ் தடவாமல் படகில் ஏற்றமாட்டோம். வேலை முடிந்ததும் கடைசியாக எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் இறங்குவோம். துடைக்காமல் இறங்கினவனை அடுத்த முறை யாரும் கூப்பிடமாட்டார்கள். இருபது வருஷமாக இப்படியே பழகிய கை. துடைத்துவிட்டால் மனசு ஆறும். துடைக்காவிட்டால் சோறு இறங்காது.

என் மனைவியின் தொழில் வேறு. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்தவள், இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவாள். சமையலறை இப்படி இருக்கும், படுக்கையறையில் காலை வெயில் இந்தப் பக்கமாக விழும், கண்ணாடியில் எதிர்ச் சுவரின் நிறம் இவ்வளவு தெரியும் என்று படம் போட்டுத் தருவது. படத்தை வரைந்து முடித்ததும் 'ரெண்டர்' என்று ஒன்றைப் போடுவாள். அதன்பிறகு வெளிச்சம், நிழல், பளபளப்பு எல்லாவற்றையும் கணக்குப் போடுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான். ஒரு படத்துக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரம்கூட அது மூச்சுவாங்கிக்கொண்டு ஓடும். அந்தக் கார்டுதான் அவளுக்கு எல்லாமும். எனக்கு ஸ்பானர் மாதிரி.

ஒரு மார்கழி மாதம் அவள் அக்கா மகள் வயசுக்கு வந்துவிட்டாள் என்று வியாசர்பாடிக்கு மூன்று நாள் போயிருந்தாள். என் அபிஷேக ஞாயிறு அதற்கு நடுவில் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்து ஸ்க்ரூ தலைகளில் செம்மண் நிறத்தில் துரு அரும்பியிருந்ததைப் பார்த்தேன். பக்கக் கதவைக் கழற்றினேன். கிராபிக்ஸ் கார்டின் மேல் இரண்டு சின்ன விசிறிகள். அவற்றுக்குக் கீழே சூட்டை இறக்கும் மெல்லிய தகடுகள், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. அந்தத் தகடுகளின் ஓரத்திலும் லேசாய் வெள்ளை பூத்திருந்தது. உப்புதான். எனக்குப் பொறுக்கவில்லை. துருப் பிடிக்காமல் இருக்கப் படகில் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவின் மெல்லிய குழாயை விசிறி இறக்கைகளுக்கு நடுவில் நுழைத்து, தகடுகள் நனையும்வரை அடித்தேன். வழிந்ததைத் துடைத்தேன். கதவை மாட்டினேன். மிஷின் ஓடியது. மற்றக் கீல்களை எப்படி மறந்தேனோ அப்படியே அதையும் மறந்துவிட்டேன்.

அவள் இருந்திருந்தால் தொடவிட்டிருக்கமாட்டாள். இதை இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன். அவள் இல்லாத நாளாய்ப் பார்த்துத்தான் செய்தேனோ என்னவோ.

சித்திரையில் பிரச்சினை தொடங்கியது. மீன்பிடித் தடைக்காலம் அது. படகெல்லாம் கரையில் கிடக்கும். இன்ஜின்களைப் பிரித்து மேய்வதற்கு அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்குக் காலம். பெண்டு நிமிர்ந்துவிடும். வீட்டுக்கு வரும்போது நான் மனுஷனாக இருக்கமாட்டேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுக்கு அண்ணா நகரில் வீட்டு அலங்கார வேலை செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து வாய்ப்பு வந்தது. அதுவரை அவள் செய்ததெல்லாம் உதிரி வேலை. இந்தக் கம்பெனி முதலாளி ஒரு ஃப்ளாட்டின் வரைபடத்தைக் கொடுத்து, நான்கு அறைகளுக்குப் படம் கேட்டார். பிடித்திருந்தால் மாசச் சம்பளத்துக்கு, வீட்டிலிருந்தபடியே நிரந்தர வேலை. ஒரு வாரம் டைம்.

அவள் அந்த ஹாலைப் போட்டிருந்த விதத்தை நான் பார்த்தேன். கூரையில் மறைவான விளக்குகள், ஜன்னலில் மெல்லிய திரை, திரைக்கு வெளியே சாயங்காலம். அப்படி ஒரு ஹாலில் நாங்கள் இருவரும் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை. எங்கே பார்த்துக் கற்றாள் என்று எனக்கு ஆச்சரியம்.

ரெண்டர் போட்டாள். இருபதாவது நிமிஷம் விசிறிகள் அலறின. திரையின் மூலையில் கார்டின் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூறைத் தாண்டியது. பட்டென்று எல்லாம் அணைந்தது.

"யோவ், இத்த கொஞ்சம் பாருய்யா. கை வெக்க முடில, அப்டி கொதிக்குது."

பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, முறையாகத்தான் பார்த்தேன். பெட்டியைச் சுவரை விட்டு நகர்த்தினேன். கதவைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டு ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன். பட்டறையிலிருந்து ப்ளோயரைக் கொண்டுவந்து தூசி ஊதினேன். கறுப்பாய்க் கிளம்பியது, நிலக்கரித் தூளும் லாரிப் புகையும் எங்கள் ஊர்த் தூசில் எப்போதும் உண்டு. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் புது விசிறி ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். ஐந்து டிகிரிகூடக் குறையவில்லை. கார்டின் இரண்டு விசிறிகளும் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கையை வைத்தால் காற்று பட்டது.

படகு இன்ஜின் சூடானால் நாங்கள் முதலில் பார்ப்பது தண்ணீர் சுற்றுகிறதா என்பதை. சுற்றுகிறது, ஒழுகல் இல்லை, அப்படியும் சூடாகிறது என்றால் கூலரைப் பிரித்துப் பார்ப்போம். குழாய்க்குள் உப்பும் சிப்பியும் அடைத்திருக்கும். அதுவும் சுத்தம் என்றால் மட்டும்தான் ஓட்டினவன் பக்கம் திரும்பி, "இன்னா இழுத்தே? ஓவர் லோடா?" என்று கேட்போம். இந்த வரிசை எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அன்றைக்கு நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டேன். கார்டின் தகடுகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கும் இரும்பு எல்லாவற்றுக்கும்தான் நான் பராமரிப்பு செய்தாயிற்றே! நான் கை வைத்த இடத்தில் கோளாறு இருக்காது என்கிற திமிர். நேராக ஓட்டினவள் பக்கம் திரும்பினேன்.

"இம்மாம் லைட்டு போட்டா எந்த மிஷின் தாங்கும்? லோடு ஓவரு. உன் ஆசைக்கு அத்த சாவடிக்கிறே."

"போன மாசம் இதவிட பெருசு ஓட்டினேனேய்யா. அப்ப ஒண்ணும் ஆவலியே."

"போன மாசம் வெயில் இல்ல. இருபது வருஷமா சூட்டோட குடும்பம் நடத்துறவன் நான் சொல்றேன். எனக்குத் தெரியாதா?"

அவள் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு விஷயமாக இருந்தால் விடமாட்டாள். என்னைப் பேசவிடாமல் அடித்துவிடக்கூடியவள். ஆனால் இன்ஜின், மிஷின் என்றால் நான் சொல்வதே கடைசி வார்த்தை என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

இரண்டு நாள் உட்கார்ந்து படங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கூரை விளக்குகளை அணைத்தாள். ஜன்னல் திரையை எடுத்துவிட்டு வெறும் கம்பி வைத்தாள். தரையின் பளபளப்பை நீக்கினாள். சாயங்காலத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தை நிரப்பினாள். அப்படியும் மிஷின் இரண்டு முறை அணைந்தது. பிறகு படத்தின் அளவையும் பாதியாக்கினாள். ஒருவழியாக நான்கு படங்களும் கடைசி நாளில் போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை முதலாளியிடமிருந்து போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னாள். வைத்துவிட்டு வந்து, "ரூம்ல உயிரே இல்லன்னு சொல்லிட்டாருய்யா" என்றாள். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். வெகுநேரம் துவைத்தாள். அவ்வளவு துணி வீட்டில் இல்லை.

வியாழக்கிழமை அவள் மார்க்கெட் போயிருந்தபோது, பழைய சின்னப் படம் ஒன்றுக்கு அவள் ரெண்டர் போட்டுவிட்டிருந்த கம்ப்யூட்டர் என் கண்முன்னால் அணைந்தது. ஒரே ஒரு அலமாரி. ஒரே ஒரு விளக்கு. இதில் லோடு எங்கிருந்து வந்தது? அப்போதுதான் எனக்குள் ஏதோ இடறியது. கார்டைக் கழற்றினேன். விசிறிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து, மூடியைத் தூக்கினேன்.

தகடுகளே தெரியவில்லை. அவற்றின்மேல் கறுப்புக் கம்பளி போர்த்தியது போல ஒரு படலம். விரலால் தொட்டேன்; பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, இருந்தும் முகர்ந்தேன். என் ஸ்ப்ரேதான். நான் அடித்த எண்ணெயில் நான்கு மாதத் தூசி ஒட்டி, விசிறி இழுக்க இழுக்க இறுகி, காற்றுப் போக ஒரு பொட்டு இடம்கூட விடாமல் அடைத்திருந்தது. மேலே விசிறி சுற்றுகிறது, கீழே காற்று இறங்கவே இல்லை. நான் கை வைத்துப் பார்த்த காற்று, உள்ளே போக வழியில்லாமல் திரும்பி வந்த காற்று.

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் அணைத்த விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

நல்லவனாக இருந்தால் அவள் வரும்வரை அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வேகவேகமாக ஸ்பிரிட்டை ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பழைய பனியனால் ஒற்றி எடுத்தேன். கார்டின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன். கறுத்துப்போன பனியனைச் சுருட்டித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினேன். வீட்டுக் குப்பைக்கூடையில் போடவில்லை. அது எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் வந்து ரெண்டர் போட்டாள். அந்தப் பழைய ஹாலையே, எல்லா விளக்குகளோடும். எண் அறுபத்தெட்டில் நின்றது. நகரவே இல்லை.

"அடப்பாவி! இன்னாய்யா பண்ணே? இன்னா கோளாறு?"

"தூசி" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் மோசம். பொய்யாக இருந்திருந்தால் எங்காவது உளறி மாட்டியிருப்பேன்.

"தூசியா?" அவள் முகம் விழுந்தது. "வூட்ட பெருக்குறவ நானு. இத்தப் போய் தொடைக்காம வுட்டுட்டேனே. என் வேலைய நானே கெடுத்துக்கினேன் பாரு."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். வாய் வரை வந்தது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்து, "உன் கை பட்டாதான்யா இந்த வூட்ல எதுவும் ஓடுது" என்று சொல்லிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அவள் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டு அக்கா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், எதிர்வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி வந்தது. நானும் சரிசெய்து கொடுத்தேன். அவள் தினமும் காலையில் குளிப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தாள். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்டாண்டு ஃபேனை முழுக்க மிஷின் பக்கம் திருப்பிவிட்டு, அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்து வேலை செய்தாள். "உன் பக்கம் திருப்பிக்கயேன்" என்று நான் சொன்னால், "ஒரு தபா பட்டது போதும்" என்பாள். நான் வெளியே போய் நிற்பேன். எனக்கு அந்த அறையில் நிற்க வெட்கமாக இருக்கும். வெட்கம் மட்டும்தான், வேறொன்றும் செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தே ஆடி வந்து, ஆடியும் போனது.

ஆவணியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் வேறொரு கம்பெனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல சார், முன்னாடி ஒரு இடத்துல கிடைச்சது, என்னாலதான் போச்சு. மிஷினைச் சரியா வெச்சுக்கத் தெரியல எனக்கு. இப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன் சார். லைட் எல்லாம் கம்மியாதான் போடுவேன்."

லைட் எல்லாம் கம்மியாகப் போடுவேன் என்று அவள் ஒரு தகுதி மாதிரி சொன்னாள். அதைக் கேட்டபிறகு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அவள் போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். மார்கழி, ஸ்ப்ரே, கறுப்புப் படலம், பனியன், குப்பைத் தொட்டி, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்சம் லேசாக இருந்தது. அந்த லேசுக்காகவே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டது ஒன்றுதான்.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"அவுரு வேணாம்னு சொன்ன ரெண்டாம் நாளு. வியாழக்கெழம."

அவள் போனை எடுத்தாள். தேடினாள். அண்ணா நகர் முதலாளியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, என் கையில் கொடுத்தாள்.

"அந்த வேல இனி வராது, எனக்குத் தெரியும். ஆனா அந்த மனுஷன் என்னிய வேல தெரியாதவள்னு நெனச்சினு கீறாரு. நீயே சொல்லு."

மணி அடித்தது. படகுக்காரர்களிடம் வாய்க்கு வந்தபடி பேசுகிறவன், அந்த மனிதரிடம் 'சார், சார்' என்று திக்கினேன். நான் அவளுடைய வீட்டுக்காரன், சித்திரையில் அவள் அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்ததற்கு அவள் காரணம் இல்லை, மிஷினை நான்தான் கெடுத்தேன், அவளை விளக்குகளைக் குறைக்கச் சொன்னதும் நான்தான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கும் சந்தேகமாதான் இருந்ததுங்க. அதுக்கு முன்னாடி அவங்க பண்ணின வேலையைப் பார்த்துட்டுத்தானே கூப்பிட்டேன். ஏதோ பிரச்சினை, எப்படியும் போன் பண்ணுவாங்கன்னு பத்து நாள் யாரையும் எடுக்காம வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்ப அனுப்பச் சொல்லியிருப்பேன். இப்ப ஆள் போட்டாச்சே."

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, "பரவால்ல சார். தேங்க்ஸ் சார்" என்று சொல்லி வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அது ஆவணி மாதத்துத் தாள், அதில் ஒன்றும் இருக்காது. விரலை மடக்கித்தான் எண்ணினாள்.

"வஞ்சரம் வறுத்தேனே ஒரு ஞாயித்துக்கெழம. அது அவுரு சொன்ன பத்து நாளுக்குள்ளதானே?"

தடைக்காலத்தில் வஞ்சரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிஷினைச் சரிசெய்த கைக்கு என்று சொல்லி, அவள் காலையிலேயே கிளம்பி, கட்டுமரக்காரர்கள் வரும் இடமெல்லாம் அலைந்து வாங்கி வந்திருந்தாள்.

ஆமாம் என்றேன். அன்றைக்கு நடுத்துண்டு இரண்டையும் நான்தான் சாப்பிட்டேன்.